யார் விழித்திருப்பது

ஒரு பட்டன் செல்லை நம்பி ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய வயர்லெஸ் சென்சார், தன் ஆயுளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை உறக்கத்திலேயே கழிக்கிறது. விநாடிக்கு ஒருமுறை விழித்து, அறையின் வெப்பநிலையையோ கதவு திறந்திருப்பதையோ சில மில்லி விநாடிக்குள் சொல்லிவிட்டு மறுபடி உறங்கிவிடும். அந்த உறக்கத்திலும் உறங்காமல் இருக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் குறைந்த அதிர்வெண் கடிகாரம். விநாடிக்கு 32,768 முறை துடித்து, துடிப்புகளை எண்ணி, வேளை வந்ததும் மற்ற பாகங்களை எழுப்புவது அதன் வேலை. இந்தத் துடிப்பை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு வழக்கமாக மூன்று விடைகள் உள்ளன. நார்வேயின் நோர்டிக் செமிகண்டக்டர் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52832 என்ற சில்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு வெளியே ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டலை வைக்கலாம். சில்லுக்குள்ளேயே இருக்கும் ஆர்சி ஆசிலேட்டரைப் பயன்படுத்தலாம். ரேடியோவுக்கென்று எப்படியும் இருந்தாக வேண்டிய 32 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை ஓடவிட்டு, அதிலிருந்து மெதுவான துடிப்பைத் தருவித்துக்கொள்ளவும் செய்யலாம். டேட்டாஷீட்டைப் புரட்டினால் முதலாவது ஏறக்குறைய 0.25 மைக்ரோஆம்பியர் எடுக்கிறது, இரண்டாவது 0.6, மூன்றாவது நூறும் அதற்கு மேலும். பார்த்தவுடன் முடிவு தெளிவாகிவிட்டது போல் இருக்கும். ஆனால் அந்த எண்கள் கடிகாரம் தின்னும் மின்சாரத்தை மட்டுமே சொல்கின்றன. கடிகாரத்தின் மீதுள்ள ஐயம் தின்னும் மின்சாரம் அங்கே இல்லை. பெரிய செலவு அதில்தான் இருக்கிறது. அதுவும் பல சமயம் கடிகாரத்தை வைத்திருப்பவர் தலையில் விழாமல் வேறொருவர் தலையில் விழுகிறது.

மலிவான சுவர்க் கடிகாரம் ஒன்றின் பின்மூடியைக் கழற்றினால், நெல்மணி அளவில் வெள்ளி நிறக் குழல் ஒன்று இரண்டு மெல்லிய கால்களுடன் படுத்திருப்பதைப் பார்க்கலாம். அதற்குள் காற்று நீக்கிய வெளியில், இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு அதிர்ந்துகொண்டிருக்கிறது. குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கிறது என்பதை 1880-இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஹார்ட்டனும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தார்கள். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஸ்ட்ரான் கைக்கடிகாரத்தின் படிகம் விநாடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. ஒன்றை இரண்டால் பதின்மூன்று முறை பெருக்கிய எண் அது. பிறகு நிலைபெற்ற 32,768 பதினைந்தாம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒன்று என்று வந்து நிற்கும். மனிதக் காதுக்கு எட்டாத அளவுக்கு உயரம், மின்சாரத்தை அதிகம் விழுங்காத அளவுக்குத் தாழ்வு. இந்தக் கவைக்கு ஓர் இயல்பு உண்டு: 25 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில்தான் அது சரியாக அதிரும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகத்தான் ஆகும், விரைவாக ஆகாது. மணிக்கட்டின் மிதமான வெப்பத்தில் இருக்கும் கைக்கடிகாரத்துக்கு இது ஒரு குறையே அல்ல. அதே கிரிஸ்டல் தெருவிளக்குக் கம்பத்துக்கும் தகரக் கூரைக்கும் போனபோது கதை மாறியது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஆர்சி ஆசிலேட்டரின் கதை எளியது. ஒரு மின்தேக்கி ஒரு மின்தடை வழியாக நிரம்பி வடிகிறது. நிரம்பி வடிய ஆகும் நேரமே துடிப்பு. அதற்கு வெளிப்பாகம் எதுவும் வேண்டாம். சில்லின் இரண்டு கால்கள் வேறு வேலைக்கு மிஞ்சும். கிரிஸ்டல் நிலைகொள்ளக் கால் விநாடி ஆகும். ஆர்சி ஒரு மில்லி விநாடிக்குள் தயாராகிவிடும். ஆனால் வெப்பமும் மின்னழுத்தமும் மாற மாற இதன் துடிப்பும் மாறும். திருத்தாமல் விட்டால் நூற்றுக்கு இரண்டு வரை பிழை வரலாம். நாளொன்றுக்கு அது 28.8 நிமிடம், அதாவது ஒரு நாழிகைக்கும் மேல். அதனால் சில விநாடிகளுக்கு ஒருமுறை 32 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை எழுப்பி, அதனோடு ஒப்பிட்டு இதைத் திருத்துகிறார்கள். அப்படித் திருத்திய பிறகு பிழை பத்து லட்சத்தில் 500 பங்குக்குள் அடங்கும். பொறியாளர்கள் இதை 500 பிபிஎம் என்பார்கள். நாளுக்கு 43 விநாடி. நல்ல குவார்ட்ஸ் கவையின் பிழை அறை வெப்பத்தில் 20 பிபிஎம், நாளுக்கு இரண்டு விநாடிக்கும் குறைவு. இந்த ஒப்பீட்டைக் கேட்டதும் எழும் முதல் மறுப்பு நியாயமானது. சென்சார் யாருக்கும் மணி சொல்லப்போவதில்லை. நாளுக்கு 43 விநாடி பிந்தினால் யாருக்கு என்ன?

சென்சார் மணி சொல்வதில்லைதான். ஆனால் அது சந்திப்புக்குப் போக வேண்டும். குறை மின் புளூடூத் முறையில் இரண்டு கருவிகள் இணைந்தபின், இத்தனை மில்லி விநாடிக்கு ஒருமுறை பேசிக்கொள்வோம் என்று ஒப்புக்கொள்கின்றன. அந்த இடைவெளி 7.5 மில்லி விநாடியிலிருந்து 4 விநாடி வரை இருக்கலாம். முதலில் பேசுவது எப்போதும் மையக் கருவி, பெரும்பாலும் ஒரு தொலைபேசி அல்லது கேட்வே. சென்சார் அந்த நேரத்தில் ரேடியோவின் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இருவர் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகாது என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே சென்சார் குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே காதைத் திறந்து, சற்றுப் பின்வரை காத்திருக்கிறது. எவ்வளவு முன்பு என்பதற்கு விதி உண்டு. இருவர் கடிகாரத்தின் பிழை எல்லைகளையும் கூட்டி, கடைசியாகச் சந்தித்ததிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்க வேண்டும். மையக் கருவி 50 பிபிஎம், சென்சார் 500 பிபிஎம், இடைவெளி ஒரு விநாடி என்றால் 550 மைக்ரோவிநாடி முன்பே விழித்தாக வேண்டும். இது மிகச் சிறிய நேரம். ஆனால் காது திறந்திருக்கும்போது ரேடியோ எடுப்பது 5.4 மில்லிஆம்பியர், உறக்கத்தில் அந்தச் சில்லு முழுவதும் சேர்ந்து எடுப்பதோ இரண்டு மைக்ரோஆம்பியருக்குள். விநாடிக்கு 550 மைக்ரோவிநாடி காத்திருப்பைச் சராசரியாகப் பரப்பிப் பார்த்தால் ஏறக்குறைய 3 மைக்ரோஆம்பியர். வெறும் காத்திருப்பு, உறக்கம் முழுவதையும்விட அதிகம் செலவழிக்கிறது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. சந்திப்புகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் இந்தச் செலவு குறையும் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் குறையாது. இடைவெளியை ஒரு விநாடியிலிருந்து நான்கு விநாடியாக்கினால், காத்திருக்க வேண்டிய நேரமும் நான்கு மடங்காகிறது. நான்கில் ஒரு பங்கு தடவை விழிக்கிறோம், ஒவ்வொரு தடவையும் நான்கு மடங்கு நேரம் காத்திருக்கிறோம். சராசரி அப்படியே நிற்கிறது. பேச்சுக்கு ஆகும் செலவு இடைவெளியை நீட்டினால் இறங்குகிறது, ஐயத்துக்கு ஆகும் செலவு இறங்குவதில்லை. எவ்வளவு உறங்கினாலும் உறங்கிய நேரத்தின் மீது விதிக்கப்படும் நிலையான வரி அது. வரியின் விகிதத்தைத் தீர்மானிப்பது பிபிஎம் எண் ஒன்றுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்சாரின் ஆர்சி ஆசிலேட்டர் அன்றைக்கு மிக ஒழுங்காக, பிழையே இல்லாமல் ஓடியிருக்கலாம். அப்போதும் அது 550 மைக்ரோவிநாடி முன்பே விழித்தாக வேண்டும், ஏனென்றால் ஒழுங்காக ஓடியது என்பது முன்கூட்டித் தெரியாது. பிழை வந்தால் செலவு என்பதல்ல. பிழை வரக்கூடும் என்பதே செலவு. 0.25-ஐயும் 0.6-ஐயும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் வித்தியாசம் அற்பம்தானே என்று கிரிஸ்டலை விட்டுவிடுபவர், அந்த அற்பமான எண்ணை மட்டும் பார்த்து அதைப்போல் ஏழு மடங்கு எண்ணைக் கைவிடுகிறார். 20 பிபிஎம் கிரிஸ்டல் இருந்திருந்தால், 50 பிபிஎம் தொலைபேசியோடு சேர்த்து 70, வரி 0.4 மைக்ரோஆம்பியருக்குள் முடிந்திருக்கும். வித்தியாசம் 2.6. ஓராண்டுக்கு 23 மில்லிஆம்பியர்-மணி. சிஆர்2032 பட்டன் செல்லின் மொத்தக் கொள்ளளவே 220 சொச்சம்.

இதுவரை சொன்னது சென்சாரின் சொந்தக் கடிகாரம் பற்றி. கூட்டலில் இன்னொரு எண்ணும் இருக்கிறதே, எதிர்முனையின் எண். இணைப்பு தொடங்கும்போது மையக் கருவி அனுப்பும் செய்தியில் மூன்று பிட்டுகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. எட்டுப் படிகள்: 251-இலிருந்து 500 பிபிஎம் வரை என்பது ஒரு கடைசி, 20-க்குள் என்பது மறு கடைசி. என் உறக்கக் கடிகாரம் இந்தப் படியில் இருக்கிறது என்று மையக் கருவி அந்த மூன்று பிட்டில் வாக்குக் கொடுக்கிறது. அதைப் பெற்றுக்கொண்ட சென்சார், இணைப்பு நீடிக்கும் காலம் முழுவதும் அந்த எண்ணைத் தன் எண்ணோடு கூட்டி, அதற்கேற்ப முன்கூட்டி விழிக்கிறது. காத்திருப்பது சென்சார் மட்டுமே. மையக் கருவி தன் நேரப்படி பேசிவிடும். சென்சாரின் பதில் 150 மைக்ரோவிநாடியில் வந்துவிடும் என்பதால் அதற்கு நீண்ட காத்திருப்பு கிடையாது. ஆக, மையக் கருவியின் கடிகாரம் மோசமாக இருந்தால், அந்தக் குறைக்கான மின்சாரத்தை மையக் கருவி ஒரு துளியும் செலுத்துவதில்லை. முழுவதும் சென்சாரின் பட்டன் செல்லிலிருந்து போகிறது.

இப்போது சுவரில் செருகிய ஒரு கேட்வேயை நினைத்துக்கொள்வோம். இருபது சென்சார்கள் அதோடு இணைந்திருக்கின்றன. கேட்வேயை வடிவமைத்தவர் நினைக்கிறார்: இது எப்போதும் மின்சாரத்தில் இருக்கிறது, உறங்கவே போவதில்லை, இதற்கு எதற்குத் தனியாக ஒரு 32,768 கிரிஸ்டல், உள்ளே இருக்கும் ஆர்சி போதும். மின்சாரச் சிக்கனம் தேவையில்லாத இடத்தில் துல்லியமும் தேவையில்லை என்ற இந்த எண்ணம் இயல்பாக வருகிறது, அதனால்தான் ஆபத்தானது. அந்த 500 பிபிஎம் வாக்கு இருபது சென்சாருக்கும் போய்ச் சேர்கிறது. 50 பிபிஎம் சொல்லியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட ஒவ்வொன்றும் 2.4 மைக்ரோஆம்பியர் கூடுதலாகச் செலவழிக்கிறது. ஆண்டுக்கு 21 மில்லிஆம்பியர்-மணி, அதாவது பட்டன் செல்லில் பத்தில் ஒரு பங்கு, இருபது செல்லிலும். சென்சாரைச் செய்தவர் எவ்வளவு கவனமாக 20 பிபிஎம் கிரிஸ்டலைத் தேர்ந்து வைத்திருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. டேட்டாஷீட்டில் மிக மோசமாகத் தெரிந்த மூன்றாவது வழி உட்காரும் இடம் இதுதான். ரேடியோவின் 32 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை இடைவிடாமல் ஓடவிட்டு அதிலிருந்து துடிப்பைத் தருவித்தால் நூற்றுச் சொச்சம் மைக்ரோஆம்பியர் ஆகும். சுவர் மின்சாரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. ரேடியோ பேசும்போது 50 பிபிஎம்முக்குள் இருந்தாக வேண்டும் என்பது புளூடூத்தின் விதி. ஆகவே அந்தக் கிரிஸ்டல் ஏற்கெனவே அந்தத் தரத்தில்தான் இருக்கிறது. ஒரு புதுப் பாகம்கூட வேண்டாம். மின்சாரத்துக்குக் கவலையில்லாத கருவிதான் கடிகாரத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டும் என்று சொன்னால் தலைகீழாகத் தோன்றும். காத்திருப்பவர் யார் என்று பார்த்தால் அது நேராகிவிடும்.

அப்படியானால் எல்லாக் கருவிக்கும் நல்ல கிரிஸ்டல் வேண்டுமா? வேண்டாம். இணைப்பே ஏற்படுத்தாமல், நான் இங்கே இருக்கிறேன் என்று அறிவித்துக்கொண்டே இருக்கும் பீக்கன் கருவிகளைப் பாருங்கள். அவை யாரையும் சந்திக்க ஒப்புக்கொள்ளவில்லை. அவற்றின் அறிவிப்பைக் கேட்க விரும்புகிறவர் காதைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். அறிவிப்பு எப்போது வரும் என்ற கணக்கு அவரிடம் இல்லை. போதாக்குறைக்கு, ஒவ்வோர் அறிவிப்புக்கும் முன்னால் 0 முதல் 10 மில்லி விநாடி வரை தற்போக்கான ஒரு தாமதத்தைச் சேர்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஒரே இடைவெளியில் அறிவிக்கும் இரண்டு பீக்கன்கள் ஒருமுறை மோதிக்கொண்டால், துல்லியமான கடிகாரம் இருந்தால் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டேயிருக்கும்; அதைக் கலைப்பதற்காக வேண்டுமென்றே சேர்த்த ஒழுங்கின்மை அது. ஒரு விநாடி இடைவெளியில் 10 மில்லி விநாடி என்பது 10,000 பிபிஎம். அதன்முன் ஆர்சியின் 500 எந்த மூலைக்கு? திருத்தவே தேவையில்லை. அங்கே கிரிஸ்டல் வைப்பது, நேரம் குறிக்காத விருந்துக்கு விநாடி முள் பார்த்துக் கிளம்புவது போலத்தான்.

கிரிஸ்டலுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் பாதி உண்மை. அது காசு, அது இடம். தன்னோடு இரண்டு மின்தேக்கிகளையும் அழைத்து வருகிறது. 9 பிக்கோஃபாரட் சுமை கேட்கும் கிரிஸ்டலுக்கு இரு பக்கமும் 12 வைத்தால், தொடர்ச்சியில் 6 ஆகிறது. மீதி 3 பலகையின் தடங்களிலிருந்தும் சில்லின் கால்களிலிருந்தும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு தவறினால் அதிர்வெண் நகர்ந்துவிடும். அந்தச் சுற்றில் ஓடும் சக்தி மைக்ரோவாட்டுக்கும் குறைவு. சால்டரிங் முடிந்தபின் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் ஈரத்தை உறிஞ்சினால், அந்தக் கசிவே அதிர்வை நிறுத்தப் போதும். ஆசிலோஸ்கோப் முனையை வைத்து அளக்கப் போனால், முனையின் மின்தேக்கமே அளவை மாற்றிவிடும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் துடிப்பை வேறொரு கால் வழியாக வெளியே அனுப்பி அங்கே அளப்பார்கள். இத்தனை பேணலும் வேண்டாம், ஆர்சியே போதும், 500 பிபிஎம் வரை விதியே அனுமதிக்கிறதே என்று ஒருவர் சொன்னால், அனுமதிக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் விதி சொல்வது இதற்குமேல் போனால் பேச்சு நடக்காது என்பதை மட்டும்தான். இதுவரை போகலாம், செலவில்லை என்று அது சொல்லவில்லை. கிரிஸ்டலைக் கழித்து மிச்சப்படுத்திய ரூபாய், பட்டன் செல்லை மாற்ற ஏணியில் ஏறுபவரின் கூலியாகத் திரும்பி வருமா என்பதைக் கருவி எங்கே பொருத்தப்படுகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். மாதம் ஒருமுறை சார்ஜ் போடும் கருவிக்கு வராது. அங்கே ஆர்சியை வைப்பதில் எனக்கு மறுப்பில்லை.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. கடந்த நூறு சந்திப்பிலும் எதிர்முனை ஒரே அளவு முந்தியே வந்தது என்றால் அந்த அளவைக் கற்றுக்கொண்டு எதிர்பார்ப்பை நகர்த்திவிடலாமே, கிரிஸ்டல் எதற்கு? கற்றுக்கொள்ள முடியும். தொழிற்சாலை வலையமைப்புகளுக்காக 2012-இல் வந்த ஐட்ரிபிள்இ 802.15.4ஈ போன்ற முறைகளில் இதைச் செய்கிறார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கற்றல் நீக்குவது மாறாத பிழையை. கிரிஸ்டலின் பிழை பெரும்பாலும் அந்த வகை. பிறந்தபோது வந்த விலகல், மெல்ல நகரும் வெப்பம். ஆர்சியின் பிழை அப்படி ஓர் இடத்தில் நிற்பதில்லை. திருத்தலுக்கும் திருத்தலுக்கும் இடையிலேயே அலைகிறது. ஏற்கெனவே நல்லதாக இருக்கும் கடிகாரத்தைக் கற்றல் இன்னும் நல்லதாக்கும். அலைகிற கடிகாரத்திடம் அது கற்றது அடுத்த சந்திப்புக்குள் பழசாகிவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது மோசமான கடிகாரத்தைப் பற்றியல்ல, பொய்யான எண்ணைப் பற்றி. மென்பொருள் அமைப்பில் ஒரே ஒரு வரியில் நிரப்பும் எண் அது. பழைய பலகையில் கிரிஸ்டல் இருந்தது, அதனால் 20 என்று எழுதியிருந்தது. புதிய பலகையில் கிரிஸ்டலை எடுத்துவிட்டார்கள், எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். மேசைமேல் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே நடக்கும். சோதனைக்கு வைத்த இடைவெளி 30 மில்லி விநாடி. 300 பிபிஎம் விலகினாலும் 9 மைக்ரோவிநாடிதான். நடுக்கத்துக்கென்று விதி விட்டுவைத்திருக்கும் 16 மைக்ரோவிநாடிக்குள் அது மறைந்துவிடும். களத்துக்குப் போனதும் மின்சாரத்தை மிச்சப்படுத்த, இடையிலுள்ள சந்திப்புகளைத் தவிர்த்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை விழிக்கச் சொல்கிறார்கள். இப்போது அதே 300 பிபிஎம் ஒன்றரை மில்லி விநாடி. கருவியோ 70 பிபிஎம் கணக்கில் 350 மைக்ரோவிநாடி மட்டுமே காத்திருக்கிறது. காதை மூடிய பிறகு பேச்சு வருகிறது, அல்லது திறக்கும் முன்பே வந்து போய்விடுகிறது. இணைப்பு அறுகிறது, மறுபடி சேர்கிறது, மறுபடி அறுகிறது. காலையில் ஒழுங்காக இருந்து வெயில் ஏறியதும் அறுகிறது என்பதால் பழி ஆன்டெனா மீதும் சுவர் மீதும் பேட்டரி மீதும் போகும். கிரிஸ்டல் இருக்கும் பலகையிலும் இதே பொய் வேறு வழியில் நுழையும். 20 பிபிஎம் என்பது அறை வெப்பத்துக்குச் சொன்ன எண். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் 60 டிகிரி ஆனால், 25-இலிருந்து 35 டிகிரி விலகல். விலகலின் வர்க்கத்தை ஏறக்குறைய 0.035-ஆல் பெருக்கினால் 43 பிபிஎம் பிந்துகிறது. அதோடு பிறவி விலகலும் சேர்ந்தால் நேர்மையாகச் சொல்ல வேண்டிய படி 75. அப்படிச் சொன்னாலும், 50 பிபிஎம் தொலைபேசியோடு கூட்டி 125 பிபிஎம், வரி 0.7 மைக்ரோஆம்பியர்தான். உண்மையைச் சொல்ல ஆகும் செலவு, சென்சார் தன் உறக்கத்துக்குச் செலவழிப்பதில் பாதிகூட இல்லை.

கேட்வே பக்கத்தில் அந்த ஒரு வரியைத் திருத்துவது இன்னும் எளிது. துடிப்பை ஆர்சியிலிருந்து எடுக்காமல் 32 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து எடு என்று மாற்றி, எண்ணை 50 ஆக்கி, புது மென்பொருளை ஏற்றிவிடலாம். ஆனால் ஏற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு சென்சாரும் தனக்கு முன்பு கொடுக்கப்பட்ட வாக்கின்படிதான் விழித்துக்கொண்டிருக்கும். 2019-இல் வந்த புளூடூத் 5.1 பதிப்பிலிருந்து, இணைப்பு அறாமலே தன் கடிகாரத்தின் புதிய எண்ணை எதிர்முனைக்குச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. பழைய பதிப்பில் இருக்கும் சென்சார்களுக்கு அது புரியாது. அவற்றை ஒவ்வொன்றாகத் துண்டித்து மறுபடி இணைக்க வேண்டும். அந்த மூன்று பிட் புதிய எண்ணோடு போய்ச் சேரும்வரை, கேட்வேயின் கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடினாலும் அவை பழைய 500-ஐ நம்பி, தேவையில்லாத நேரத்துக்கு விழித்திருக்கும்.